திரையில் இறங்கிய ஜீப்

எனக்கு டி.வி. கேம் எழுத வேண்டும் என்ற ஆசை வந்தபோது எங்கள் ஊரில் யாரும் டி.வி.யையே பார்த்ததில்லை. வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எழுபதுகளில் அங்கே ரேடியோ இருந்தது, மழை பிடித்தால் அதுவும் கரகரவென்று இழுக்கும். டி.வி. என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கவே எனக்கு ஒரு லீவு முழுக்கப் போய்விட்டது. அந்தப் பெட்டியில் விளையாட்டு ஓடும், அதை ஒருத்தர் உட்கார்ந்து எழுத வேண்டும், அந்த ஒருத்தர் நானாக இருக்கப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொம்பளப்பிள்ளய மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்க வச்சா, இவ வெளையாடப் போறாளாம்."

"வெளையாடலம்மா. வெளையாட்டு செய்யப்போறேன்."

"ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?"

பதில் அய்யாவிடமிருந்து வந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். "பம்பரம் விடுறவன் வேற, பம்பரம் கடையிறவன் வேறல்ல? எம் பிள்ள கடையிறேங்குது" என்றார். அவருக்குப் புரிந்ததா, அல்லது என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொன்னாரா தெரியாது. எதுவாக இருந்தாலும் எனக்கு அது போதுமாக இருந்தது.

அய்யாவுக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் கடை அல்ல. பறித்த பச்சைக்காயைச் சூடு கொடுத்து உலர்த்தும் கட்டடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வெளிச்சுவரில் ஓர் அடுப்பு, உள்ளே அறையைச் சுற்றி ஓடும் தகரக் குழாய், குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகள். வெளியே விறகு எரிந்தால் உள்ளே குழாய் சூடாகும், காய் காயும். சூடு மிஞ்சினால் காய் வெடித்து நிறம் போய்விடும், குறைந்தால் பூசணம் பிடித்துவிடும். அய்யா உலர்த்திய காய் பச்சை மாறாது என்று ஏலம் எடுக்க வருகிறவர்கள் சொல்வார்கள். அதில் அவருக்கு நிறையக் கர்வம் உண்டு, இல்லாதது போலக் காட்டிக்கொள்வார்.

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் மலையில் எதுவும் காயாது. துவைத்த துணி நாள்கணக்கில் கொடியில் தொங்கி நாற்றமெடுக்கும். அதனால் நனைந்த சாமான் எதுவானாலும் கடைசியில் ஸ்டோருக்கு வந்து சேரும். பள்ளிக்கூடப் புத்தகம், கம்பளி, ரேஷன் கார்டு, கல்யாணப் பட்டு, ஒருமுறை கோயில் கொடைக்கு வந்தவர்களின் உறுமி மேளம். அய்யா எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒரு தட்டு ஒதுக்குவார். எது எவ்வளவு சூடு தாங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். முதலாளி கண்டும் காணாமல் இருந்தார். லயத்து ஜனங்களுக்கு அய்யா மேல் இருந்த மரியாதையில் பாதி அந்த ஓரத்துத் தட்டால் வந்தது.

நான் கணக்கில் கெட்டிக்காரி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கம்பம், மதுரை என்று படித்து ஏறி, மெட்ராஸில் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தேன். அதே இடத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ ஒன்று புதிதாகத் தொடங்கினார்கள், அதிலும் சேர்ந்தேன். அந்த வருஷம் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு ஹாஸ்டல் பெண்களோடு போனேன். ஒரு கூடாரத்தில் டி.வி. பெட்டி ஒன்றை வைத்து, திரையில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் ஓடவிட்டிருந்தார்கள். கோட்டைத் திருகி நகர்த்திப் புள்ளியைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். மற்றவர்கள் ராட்டினத்துக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே வரிசையில் நின்று, ஆடி, மறுபடியும் போய் வரிசையில் நின்றேன்.

"இதை யாருங்க எழுதுனது?" என்று கூடாரத்துக்காரரிடம் கேட்டேன்.

"யாரும் எழுதலம்மா, மிஷினு" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. யாரோ எழுதாமல் எப்படி? அந்தப் பெட்டியில் உண்மையிலேயே புரோகிராம் எதுவும் இல்லை, வெறும் சர்க்யூட்தான், அவர் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதற்குள் ஆசை எனக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. கூடப் படித்தவர்களுக்கு பாங்க், இன்ஷூரன்ஸ், அமெரிக்கா என்று கனவு இருந்தது. நான் விளையாட்டு எழுதும் வேலைக்குப் போவேன் என்று சொன்னால் சிரித்தார்கள். அப்படி ஒரு வேலை இந்தியாவில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. வரும் என்று அடித்துச் சொன்னேன்.

எங்கள் கம்ப்யூட்டரோடு ஒரு பச்சைத் திரை இணைத்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு வாங்கியது, சனிக்கிழமைகளில் மட்டும் மாணவர்களைத் தொட விடுவார்கள். அந்தத் திரைக்காக நான் எழுதிய விளையாட்டு ஒரு ஜீப். எங்கள் ஊர்த் தோட்டங்களுக்குக் கம்பத்திலிருந்து வேலையாட்கள் தினமும் ஜீப்பில் ஏறி வருவார்கள், சாயந்திரம் கம்பமெட்டு வழியாக வளைவு வளைவாக இறங்கிப் போவார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து நான் போய் வந்த பாதை அது. திரையின் மேலிருந்து ரோட்டின் இரண்டு ஓரங்களும் புள்ளிகளாக வளைந்து வரும். கீழே ஒரு சின்னச் சதுரம், அதுதான் ஜீப். இரண்டு பொத்தானால் அதை இடமும் வலமும் ஒடிக்கலாம். இறங்க இறங்க வேகம் கூடும். நடுநடுவே மூடுபனி வரும், அப்போது பக்கத்து வளைவு மட்டுமே தெரியும். எதிரே பஸ் ஒன்று ஏறி வரும். எங்கள் மலை வழக்கப்படி இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிடாமல் முந்திப் போனால் ஆட்டம் முடிந்தது. இதைப் பார்த்த மெட்ராஸ்காரர்கள் யாருக்கும் ஏனென்று புரியவில்லை. "ரூல் அப்படித்தான், ஒதுங்கு" என்பேன்.

அந்தக் காலத்தில் புரோகிராம் என்பது கார்டு. ஒரு வரிக்கு ஒரு கார்டு, நீளமான கெட்டித் தாள், எழுத்துக்குப் பதில் துளைகள். மிஷினில் தட்டித் தட்டித் துளை போட்டு, கார்டுகளை வரிசையாக அடுக்கி ஒரு பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆபரேட்டர் அதைக் கார்டு ரீடரில் வைப்பார். அது படபடவென்று ஒவ்வொன்றாக விழுங்கிப் படிக்கும். மாணவர்களின் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைக்க இடம் தரமாட்டார்கள். இரண்டாம் பிரதி போடவும் கார்டு கிடைக்காது, அளந்துதான் தருவார்கள். ஆகவே என் ஜீப், ரோடு, பனி, பஸ் எல்லாம் ஒரு நீண்ட அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. நான் கையால் எழுதி வைத்த தாள்களைத் தவிர வேறு எங்கும் இல்லை.

ஒரு சனிக்கிழமை ஜீப் முழுசாக மேலேயிருந்து கீழே இறங்கியது. யாரும் பக்கத்தில் இல்லை. நான் தனியாக உட்கார்ந்து கையைத் தட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பேராசிரியர் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். பெங்களூரில் புதிதாக ஒரு கம்பெனி. ஹோட்டல்களிலும் பொருட்காட்சிகளிலும் வைக்க, காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகள் செய்யப்போகிறார்கள். புரோகிராம் எழுத ஒரே ஒரு ஆள் வேண்டும். முதலாளி மெட்ராஸ் வருகிறார், என் ஜீப்பைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினால் பார்ப்பார். "பொண்ணுன்னு யோசிக்கப் போறார். ஆனா ஓடுறதைப் பார்த்துட்டா யோசிக்க மாட்டார்" என்றார் பேராசிரியர். நான் வரும் என்று அடித்துச் சொன்ன வேலை, என்னைத் தேடி வந்துகொண்டிருந்தது.

அவர் வருவதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது காலேஜில் ஸ்டிரைக் வந்து ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். சாமானை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள் என்றார்கள். எலி ஓடும் ஹாஸ்டல் அறையில் கார்டுகளை விட்டுப்போக எனக்கு மனசில்லை. கார்டுப் பெட்டியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். கம்பத்தில் ஜீப் ஏறும்போதே மழை. டிரங்கை மேலே கட்டினார்கள். தார்ப்பாய் போட்டிருக்கிறோம் என்று டிரைவர் சத்தியம் செய்தார்.

வீட்டில் வந்து திறந்தால் கார்டுகள் சொட்டச் சொட்ட நனையவில்லை, ஆனால் ஈரம் ஏறி ஊறிப்போயிருந்தன. பெட்டிக்குள் அடக்கமாக இருந்தவை இப்போது பெட்டியைத் தள்ளிக்கொண்டு நின்றன. ஒன்றை உருவினால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா பயந்துபோய் அய்யாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள்.

அய்யா வந்து ஒரு கார்டை எடுத்து விரலில் நிமிண்டிப் பார்த்தார். "இதுக்கா அழுகுற? பட்டுச்சேலையே காஞ்சுருக்கு நம்ம ஸ்டோருல. இது தாளுதான் தாயி" என்றார்.

"வரிசை மாறக்கூடாதுய்யா. ஒண்ணு மாறுனாலும் ஜீப்பு ஓடாது."

"மாறாது. நீ கூட நில்லு."

மறுநாள் காலை வெளிச்சத்தில் அதைச் செய்தோம். ஸ்டோருக்குக் காய் வரத்து குறைவான நாள் அது. ஓரத்துத் தட்டு போதாது என்று நடு வரிசைத் தட்டுகளையே அய்யா எனக்காகக் காலி செய்துவிட்டார். மேல் தட்டின் இடது மூலையில் தொடங்கி, ஒரு கார்டு மேல் இன்னொன்று படாமல், வரிசை பிசகாமல் பரப்பினார். தட்டுக்குத் தட்டு சுண்ணாம்பால் அடையாளம் வைத்தார். அடுப்பில் விறகைக் குறைத்து, குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் வாசலில் உட்கார்ந்து விளையாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எந்தக் கார்டில் பஸ் இருக்கிறது, எதில் பனி இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். பனி இருந்த தட்டைப் பார்த்து, "இங்கயும் அதே பனிதானா, மெட்ராசு வரைக்கும் கொண்டுபோயிட்டியே" என்று சிரித்தார். அத்தனை நேரம் அவரோடு நான் தனியாகப் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் ரொம்ப இல்லை.

கார்டுகளைத் திருப்பிப் போட்டார். மறுபடியும் காயவிட்டார். கடைசியில் ஒன்றைக் காதோரம் வைத்து ஆட்டினார், அது சலசலத்தது. "இந்தச் சத்தந்தான். இப்ப ஒரு பொட்டு ஈரம் கெடையாது" என்றார். ஓரம் லேசாகச் சுருண்டிருந்தவற்றைப் பலகைக்கு நடுவில் வைத்து மேலே காய் மூட்டையை ஏற்றினார். எடுத்தபோது கார்டுகள் புதுசு போலத் தட்டையாக, விறைப்பாக இருந்தன. நான் என் கையெழுத்துத் தாள்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வரிசை மாறவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் அய்யாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

இந்த முறை பெட்டியை மெழுகுத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன். ஸ்டிரைக் இழுத்துக்கொண்டே போனதால், பெங்களூர்க்காரர் வருவதற்கு முந்தின நாள்தான் காலேஜ் கதவைத் திறந்தார்கள். காலையில் முதல் ஆளாகப் போய்க் கார்டுகளைக் கொடுத்தேன். ரீடர் படபடவென்று தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம், மரக்கட்டையைப் பிளப்பது போல. நின்றது. ஆபரேட்டர் மூடியைத் திறந்து கசங்கிக் கிழிந்த கார்டுகளைப் பிடுங்கி எடுத்தார். மறுபடி வைத்தார், மறுபடி கிழிந்தது. மிச்சத்தில் ஒன்றை எடுத்துப் புதுக் கார்டு ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தார்.

"சுருங்கியிருக்கும்மா. துளை எல்லாம் தள்ளி நிக்குது. எங்க வெச்சிருந்தீங்க, அடுப்பு மேலயா?"

நான் மிச்சக் கார்டுகளை வாரிப் பெட்டிக்குள் போட்டேன்.

எல்லாவற்றையும் புதிதாகத் துளை போட வேண்டும். ஸ்டிரைக் முடிந்த முதல் நாள், மிஷின்களுக்கு முன்னால் அத்தனை மாணவர்களும் நின்றார்கள். கெஞ்சி ஒரு மிஷினைப் பிடித்தேன். நடுவில் கரன்ட் போனது, ரொம்ப நேரம் வரவில்லை. கூடப் படித்த ஒருத்தி என்னோடு உட்கார்ந்து வரி வரியாக வாசித்தாள், நான் தட்டினேன். விரல் வீங்கிவிட்டது. வேலை முடியும் முன் கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் வந்தபோது ரோடு முடிந்திருந்தது. பனி முடிந்திருந்தது. ஜீப்பும் பஸ்ஸும் முடியவில்லை. இருப்பதை மட்டும் ஓடும்படி ஒட்டுப்போட்டு ஓடவிட்டேன்.

பச்சைத் திரையில் ரோடு மேலிருந்து வளைந்து வளைந்து வந்தது. பனி வந்து மூடியது, விலகியது. ரோட்டில் ஒன்றும் இல்லை.

அவர் நல்ல மனிதர். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வளைவு வரை பொறுமையாகப் பார்த்தார். "ரோடு ரொம்ப நல்லா இருக்கு. வண்டி எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். கார்டு கெட்டுவிட்டது, இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். அவருக்கு மத்தியானம் ரயில். முடித்துவிட்டு எழுதுங்கள் என்று சொல்லி முகவரி கொடுத்தார். நான் முடித்துவிட்டு எழுதியபோது, ஏற்கெனவே ஒரு பையனை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. தகுதியில்லை என்று தள்ளியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ரோடு நன்றாக இருக்கிறது என்றவரோடு எப்படிச் சண்டை போடுவது?

விடவில்லை. வருஷக்கணக்கில் விடவில்லை. பம்பாயில் ஒரு கம்பெனிக்கு எழுதினேன், ஹைதராபாத்தில் ஒன்றுக்கு எழுதினேன். கால்குலேட்டர் செய்கிறோம், விளையாட்டு செய்யவில்லை என்றார்கள். பெங்களூர்க் கம்பெனியும் பெட்டிகள் விற்காமல் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யப் போய்விட்டது. டிப்ளமோ முடிந்த பிறகு அந்தப் பச்சைத் திரை எனக்குக் கிடையாது. கடைசியில் மெட்ராஸிலேயே ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ரசீது அடிக்கும் பிரிவில் புரோகிராமர் வேலை கிடைத்தது. ஊர் ஊராக யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு அச்சடிக்கும் வேலை. திரையே கிடையாது, அசைகிற புள்ளியே கிடையாது. நிம்மதியான உத்தியோகம், நான் அதை வெறுத்தேன்.

வேலை கிடைத்தது என்று வீட்டுக்கு ஒரு தந்தி கொடுத்தேன். தந்தியில் எந்த வேலை என்று எழுதவில்லை, கார்டு கிழிந்ததை அதற்கு முன்பும் எழுதியதில்லை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போய் இறங்கினால், கம்பமெட்டு டீக்கடையிலேயே ஒருவர் வழிமறித்தார்.

"ஒங்கய்யா மட்டும் அன்னைக்கு அந்தக் கார்டக் காயப்போடலேன்னா ஒனக்கு இந்த வேல ஏதுத்தா?" என்றார்.

லயம் முழுக்க அதே பேச்சு. அய்யா ஊர் கூட்டிச் சொல்லியிருந்தார். மழையில் ஊறிய கார்டு, அழுத பிள்ளை, ஸ்டோரில் காய்ந்தது, மெட்ராஸில் ஜீப் ஓடியது, வேலை கிடைத்தது. அவரைப் பொறுத்தவரை கதை அவ்வளவு நேராக இருந்தது. அன்றைக்கு என்னைத் தின்பண்டத்தோடு வரவேற்ற அம்மாவின் முகத்திலும் அந்தப் பெருமை இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்ல? ஊரின் எத்தனையோ சாமானைக் காப்பாற்றிய மனிதர், தன் பிள்ளையின் சாமானைத்தான் கெடுத்தார் என்றா? என் வருத்தம் என்னோடு இருக்கட்டும் என்று தீர்மானித்தேன். அதைச் சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் அந்தக் கதையைச் சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடுவேன். கர்வம் வரக்கூடாதுன்னு போகுது பிள்ள, என்பார்.

இரண்டு வருஷம் கழித்து அய்யா மெட்ராஸுக்கு வந்தார். முழங்கால் வலிக்குப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது காரணம். என் ஆபீசைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. வெள்ளை வேட்டி சட்டையோடு, ஆபீசில் எல்லோருக்கும் பொட்டலம் பொட்டலமாக ஏலக்காய் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் கார்டு அறை ஆபரேட்டர் வயதில் மூத்தவர், பேச்சு கொடுத்தால் விடமாட்டார். பொட்டலத்தை முகர்ந்து பார்த்துச் சொக்கிப்போய், "வாங்க ஐயா, நான் சுத்திக் காட்டறேன்" என்று அவரே கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன்.

உள்ளே ஏ.சி. குளிர். அய்யா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நம்ம ஊரு கணக்கா இருக்கு. இந்தக் குளிரு மனுசருக்கா, மிஷினுக்கா?"

"ரெண்டுக்குமில்லை ஐயா, முக்கியமா கார்டுக்கு" என்றார் ஆபரேட்டர். "ரொம்ப சுகவாசி இது. கொஞ்சம் ஈரம் ஏறினாக் கூடப் பரவாயில்லை. இப்படி அறையில ரெண்டு நாள் சும்மா போட்டு வெச்சா தானே பழைய மாதிரி ஆயிடும். சூடு மட்டும் ஆகாது. சூட்டுல காஞ்சா சுருங்கிடும், பார்க்க ஜம்முனு இருக்கும், ரீடர்ல வெச்சா கடிச்சுத் துப்பிடும். அப்புறம் குப்பைதான்."

நான் ஆபரேட்டரின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குள் அவர் சொல்லி முடித்து, வேறு எதையோ காட்ட நகர்ந்துவிட்டார். அய்யா நகரவில்லை. மேஜை மேல் கிடந்த கார்டு ஒன்றை எடுத்து விரலால் தடவினார், ரொம்ப நேரம் தடவினார். பிறகு அதை எடுத்த இடத்திலேயே நேராக வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆபரேட்டரிடம், "ரொம்ப சந்தோசங்கய்யா" என்று கும்பிட்டார். கேன்டீனில் வாங்கிக் கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார்.

டாக்டரைப் பார்த்தோம், மருந்து வாங்கினோம், பஸ்ஸில் எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்தோம். அதுவரை ஊரில் மழை, அம்மாவின் இருமல் என்று வேறு எதையாவது பேசிக்கொண்டே வந்தார். சாயந்திரம் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ இங்க பாக்குற வேல, வெளையாட்டு இல்லல்ல?"

"இல்லய்யா. ரசீது."

"அந்த ஜீப்பு எங்கயாச்சும் ஓடுதா இப்ப?"

"இல்லய்யா."

"ஒரு தடவையாச்சும் ஓடுச்சா தாயி?"

"ஓடுச்சுய்யா. ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ மேலேருந்து கீழ வரைக்கும் இறங்குச்சு. நல்லா இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன், பதிலைக்கூட மனசுக்குள் தயார் செய்துகொண்டேன். அவர் கேட்கவில்லை. ரயில் வந்து நின்றது. எழுந்தவர் பெட்டியில் ஏறாமல் என் பக்கம் திரும்பி நின்றார். கண் கலங்கியிருந்தது. அய்யா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"நல்லாத்தானத்தா காஞ்சுச்சு" என்றார்.

"ஆமாய்யா" என்றேன். "நல்லாத்தான் காஞ்சுச்சு."